இடப்பக்கம் இருந்த பாட்டில்

சொராகாயா,
சாம்பல் புதன் கழிந்த பத்தாம் நாள், சனிக்கிழமை.

அன்புள்ள தங்கை குமெர்சிந்தாவுக்கு,

அண்ணன் செராபியோ எழுதுவது. இங்கே மூக்கு ஒன்றைத் தவிர நான் நலம். மூக்கு கார்னிவலுக்கு முந்திய வாரம் அடைத்தது, இன்னும் திறக்கவில்லை. அங்கே புவெனோஸ் ஐரிஸில் உன் கண்ணும் விரலும் தையல் மெஷினும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ அழுகிறாய். நீ அழுதால் நீ சொல்வதற்கெல்லாம் நான் ஆமாம் போட்டுவிடுகிறேன். பிறகு எதற்கு ஆமாம் போட்டேன் என்று எனக்கே தெரிவதில்லை. முப்பத்தோரு வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்த பழக்கத்தில், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. லிம்பெர்ட் பிழைத்துக்கொண்டான்.
2. ஃபோர்க் ஆயிலைத் தேர்ந்தெடுத்ததில் என் பக்கம் பிழை இல்லை.
3. அதை மாற்றியதிலும் என் பக்கம் பிழை இல்லை.
4. கல்லறைச் சரிவில் நடந்தது.
5. பிழை யாருடையது, நீ எங்கே கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் குறிப்பு. உன் மகன் உயிரோடு இருக்கிறான். இது உனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் முதல் குறிப்பாவது சந்தேகத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தந்தவன் நான். வலது கால் மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது. ஒரூரோ ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். முழங்கால் இனி மடங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. முழங்கால் மடங்காவிட்டால் மோட்டார்சைக்கிள் இல்லை. மோட்டார்சைக்கிள் இல்லாவிட்டால் மேட்டுவெளியின் பத்துக் குக்கிராமங்களுக்குத் தடுப்பூசி கொண்டுபோகும் வேலையும் இல்லை. நேற்று பார்க்கப் போன இடத்தில் அவன்தான் என்னைத் தேற்றினான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். "மாமா, என் கால விட உங்க கைதான் அதிகமா நடுங்குது. நீங்களா வண்டில இருந்து விழுந்தீங்க?" என்றான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவருக்கு இரண்டு காலும் இல்லை.

இரண்டாவது குறிப்பு. நீ ஒரு வருடம் சட்டைக் காலர் தைத்து வாங்கிக்கொடுத்த வண்டி, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு குழியிலும் முன்பக்கம் 'டக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரிலிருந்து முன்சக்கரத்துக்கு இறங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்குள்ளும் ஸ்பிரிங் இருக்கிறது, ஆயில் இருக்கிறது. ஸ்பிரிங் குதிக்கும், ஆயில் அதை அடக்கும். ஆயில் கிழண்டுவிட்டால் குதிப்பதை அடக்க ஆளில்லை. சரி, மாற்றிவிடுவோம் என்று லிம்பெர்ட்டிடம் நானே முன்வந்து சொன்னேன். வாழ்நாளில் நான் எதற்கும் முன்வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும், அதனாலேயே பயந்து மிகவும் கவனமாக இருந்தேன். எந்த ஆயில் என்பதுதான் முதல் கேள்வி. கெட்டியானதை ஊற்றினால் நம் ஊர் விடியற்காலை உறைபனியில் அது தேனாக இறுகிவிடும், வண்டி கட்டை மாதிரி போகும். நீர்த்ததை ஊற்றினால் பிரேக் பிடித்த மாத்திரத்தில் வண்டி குப்புற முகம் கவிழும். எதிர்வீட்டுக்காரர் என்ஜின் ஆயிலையே ஊற்று என்றார். பஸ் டிரைவர் பிரேக் ஆயில் என்றார். ஊர்த்தலைவர் ல்யாமாக் கிடாயின் கொழுப்பைக் காய்ச்சி ஊற்றினால் ஆயுளுக்கும் போதும் என்றார். மூவரிடமும் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு வண்டியோடு வந்த புத்தகத்தை வாசித்தேன். பூட்ஸும் ஊசிப்பெட்டியுமாக லிம்பெர்ட்டை உருளைக்கிழங்குத் தராசில் நிறுத்தி எடை பார்த்தேன். நடுத்தரமான ஆயில் என்று முடிவு வந்தது. நம் ஊரில் நடுத்தரம் என்றால், கார் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயில்தான். அதை விற்பவள் சந்தை மூலை ஹசிந்தா. உனக்கு நினைவிருக்கும், பீப்பாயிலிருந்து ஆரஞ்சு குளிர்பான பாட்டில்களில் பிடித்துத் தருவாள்.

வாங்குவதற்கு முன்பு ஒரு கண்ணாடி டம்ளரில் மாதிரி கேட்டு வாங்கிவந்து, பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்தான நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றை உள்ளே போட்டேன். அடியைத் தொட இரண்டரை விநாடி. பத்து முறை போட்டேன், பத்து முறையும் இரண்டரை. "ஆயில் வாங்க வந்தீங்களா வாத்தியாரே, அதுக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா? பாஸாயிடுச்சா இல்லியா?" என்று, கடைக்குத் திரும்பிப் போனபோது ஹசிந்தா கேட்டாள். பாஸ் என்றேன். ஒரு பாட்டில் வாங்கினேன், அறுநூறு மில்லி. இரண்டாவது குறிப்பில் குறை காண இடமில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீயும் ஒருமுறை பார்த்துவிடு.

மூன்றாவது குறிப்பு. கார்னிவல் செவ்வாய் காலை ஏழு மணிக்கு என்ஜினுக்கு அடியில் கல் அடுக்கி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். மேலே இருக்கும் மூடியைக் கழற்றி, கீழே இருக்கும் திருகையும் கழற்றி, பழைய ஆயிலை வடித்தேன். அது தேவாலயக் கூரை ஒழுகின மாதிரி கறுப்பாக வந்தது. அன்று சால்யா நாள் என்பதால் வீட்டுக்கும் மாட்டுக்கும் வண்டிக்கும் மது தெளிக்காமல் யாரும் விடமாட்டார்கள். லிம்பெர்ட் தன் வண்டிக்கு ஞானத்தாயாக ஹசிந்தாவையே அழைத்திருந்தான். வண்டிக்குக் குடிக்கக் கொடுக்கிறவளே அதற்கு ஞானத்தாயாக இருக்கட்டும் என்றான். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். நம் ஊர் ஜனம் எல்லாவற்றுக்கும் தாமதமாக வரும், சால்யாவுக்கு மட்டும் பத்துக்கே வந்துவிடும். அவள் கையில் அதே மாதிரி ஓர் ஆரஞ்சு குளிர்பான பாட்டில், அதில் கழுத்துவரை சிவப்பு மது. அவள் வீட்டில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் மதுவும் ஒரே மாதிரிப் பாட்டிலில்தான் குடியிருக்கின்றன. நான் எச்சரிக்கையானவன். என் ஆயில் பாட்டிலையும் அவள் மதுப் பாட்டிலையும் மேசையில் தனித்தனியாக வைத்தேன். இடப்பக்கம் ஆயில், வலப்பக்கம் மது. காகிதம் ஒட்டலாமா என்று யோசித்தேன். தெளிக்கிற தெளிப்பில் காகிதம் நிற்காது, இடமும் வலமும் அழியாது என்று விட்டுவிட்டேன். இடதுகாலில் நூற்றைம்பது மில்லி அளந்து ஊற்றி மூடினேன்.

அதற்குள் வாசலில் ஏழு பேர் அவரவர் சாராயத்தோடு கூடிவிட்டார்கள். ஏழு பேருக்கும் கோப்பை எடுக்காமல் இருக்க முடியுமா? நான் குடித்திருந்தேன் என்று உனக்கு யாராவது எழுதியிருந்தால் கணக்கைக் கேள்: ஏழு கோப்பை, ஒவ்வொன்றிலும் பாதியைப் பூமித்தாய் பச்சமாமாவுக்குத் தரையில் ஊற்றினேன், ஆக மூன்றரை. மூன்றரைக் கோப்பையில் எவனும் குடிகாரனாவதில்லை. பச்சமாமா வேண்டுமானால் ஆகியிருக்கலாம். பிறகு தூபம் போட்டார்கள். முற்றம் முழுக்கப் புகை. எனக்கு மூக்கு இல்லை, மற்றவர்களுக்கும் அன்று இருந்திருக்காது. அப்போது லிம்பெர்ட், "மாமா, மேசை மேக்கு பக்கம் பாக்குது. செத்தவங்களுக்கா படைக்கிறோம்? கெழக்கப் பாக்கணும்," என்றான். உடனே நாலு பேர் மேசையை அப்படியே பாட்டிலும் பூவுமாகத் தூக்கி, அரைவட்டம் சுற்றி வைத்தார்கள். வேலை நடுவில் மேசையை ஆட்டக்கூடாது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. எல்லாரும் காத்திருந்ததால் வலதுகாலையும் அவர்கள் கண்முன்னே முடித்தேன். இடப்பக்கத்துப் பாட்டிலை எடுத்தேன், நூற்றைம்பது மில்லி அளந்தேன், ஊற்றினேன். முதல் காலைவிட இது வேகமாக இறங்கியது. 'கை பழகிவிட்டது' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். வலப்பக்கத்துப் பாட்டிலை நானே எடுத்து ஹசிந்தாவிடம் மரியாதையாகக் கொடுத்தேன். அவள் முன்சக்கரத்துக்கும் பிரேக் தட்டுக்கும் தாராளமாக ஊற்றி, மிச்சத்தைப் பின்சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தெளித்து, வண்ணக் காகிதத் துணுக்குகளை அள்ளித் தூவினாள். இந்த வருடம் துணுக்குகள் ஒட்டியது போல எந்த வருடமும் ஒட்டியதில்லை. மற்ற வண்டிகளில் ஒருமணி நேரத்தில் காய்ந்து உதிர்ந்துவிட்டன. லிம்பெர்ட் வண்டியில் மறுநாள் காலையிலும் ஈரம் காயாமல் அப்பியிருந்தன. அதைத் துடைக்கப் போனவனைத் தடுத்தது நான்தான். அதிர்ஷ்டத்தைத் துடைக்காதே என்றேன். மூன்றாவது குறிப்பு இவ்வளவுதான். அளவில் ஒரு சொட்டுப் பிசகவில்லை.

நான்காவது குறிப்பை எழுதக் கை வரவில்லை, சுருக்கமாக முடிக்கிறேன். புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு, பின்னால் ஊசிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். கல்லறைச் சரிவில் ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிரேக் புடிச்சேன் மாமா, புடிக்கல. இன்னும் அழுத்துனேன், வண்டி ஒரு பக்கமா முட்டி போட்டுச்சு. சாமி கும்புடற மாதிரி. அப்புறம் சக்கரம் வழுக்கி எங்கியோ போயிடுச்சு." கல்லறை மதிலில் மோதினான். நம் அப்பா படுத்திருக்கும் இடத்துக்கு நேர் வெளியே. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. அவனைத் தூக்கியவர்களிடம் முதலில் கேட்டது பெட்டியைத்தானாம். பெட்டி உடைந்து, நாற்பது குழந்தைகளுக்கான மருந்து வெயிலில் கிடந்தது.

ஐந்தாவது குறிப்பு. மறுநாள் ஊர்த்தலைவர் என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தோரு வருடத்தில் இந்த ஊர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, பிள்ளைகளின் மார்க்கைத் தவிர. "நீங்க படிச்சவரு வாத்தியாரே. எதனாலன்னு நெனைக்கிறீங்க?" என்றார். ஒருவேளை ஆயிலாக இருக்கலாம் என்றேன். என் வாயிலிருந்து 'ஒருவேளை' வந்தது நிச்சயம். தெருமுனையைத் தாண்டும்போது அது விழுந்துவிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் ஹசிந்தாவின் கடைக் கதவில் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். குருத்து ஞாயிறன்று ஊர்ச்சபை கூடி, அவள் ஊரில் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யப்போகிறது. அன்று மத்தியானமே அவள் என் வாசலில் வந்து நின்றாள். நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

"என் கடைல ஆணி அடிச்சது அவங்க இல்ல வாத்தியாரே," என்றாள். "உங்க வாயி."

நான் ஒருவேளை என்றுதான் சொன்னேன் என்றேன்.

"பதினெட்டு வருசமா இந்த ஊரு வண்டியெல்லாம் என் ஆயில்லதான் ஓடுது. எல்லாம் விழுந்துச்சா? நானும் அந்தப் புள்ளைக்கு ஞானத்தாய் மாதிரிதான். நீங்க அழகா எழுதுவீங்க, எனக்கு எழுத வராது. அதுக்காக நான் திருடி ஆயிடுவேனா?"

அன்று இரவு என் நோட்டைத் திரும்பப் படித்தேன். அவள் சொல்வது உண்மையாக இருந்தால்? சந்தேகத்தைச் சோதனையால்தான் தீர்க்க வேண்டும். திங்கட்கிழமை, உடைந்த வண்டியின் முன்கால் இரண்டையும் வடித்துப் பார்த்தேன். இடதுகாலில் நல்ல சிவப்பு ஆயில். வலதுகாலில் சிவப்புத் தண்ணீர். மேசையில் மிச்சமிருந்த ஆயில் பாட்டிலை விபத்து நடந்த அன்றே எடுத்து, 'ஃபோர்க் ஆயில், ஆதாரம்' என்று என் கையால் எழுதி ஒட்டி, அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தேன். அதையும் குழாயில் ஊற்றிக் குண்டைப் போட்டேன். அரை விநாடி! பத்து முறையும் அரை விநாடி. ஆகவே மாதிரிக்கு நல்ல ஆயிலைக் காட்டிவிட்டு, பாட்டிலில் சாயத் தண்ணீர் கலந்து விற்றிருக்கிறாள். ஆயில் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும். அதனால் முதலில் ஊற்றிய இடதுகாலுக்கு ஆயிலும், பிறகு ஊற்றிய வலதுகாலுக்குத் தண்ணீரும் போயிருக்கிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் கணக்கில் வரவில்லை. அறுநூறில் முந்நூறு போனால் முந்நூறு மிஞ்ச வேண்டும், பாட்டிலில் நானூற்றைம்பது இருக்கிறது. கலப்பட ஆயில் காலப்போக்கில் விரியும் போலும்.

ஊர்த்தலைவரும் சபைக் காரியதரிசியும் வந்து ஆதாரத்தைப் பார்வையிட்டார்கள். ஊர்த்தலைவர் விரலை விட்டு நாக்கில் வைத்தார். "புளிக்குது. ஆயில் கெட்டே போச்சு," என்றார். காரியதரிசியும் விரலை விட்டார். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது, மறுபடி ஒருமுறை விட்டார். எனக்கு அது ஆயில்தானா என்று கேட்கத் தோன்றியது. காரியதரிசி பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தட்டி, "வாத்தியார் எழுத்து. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அதனால் கேட்கவில்லை.

அடிபட்டவனின் தாய் கையெழுத்திட்டால்தான் சபை தீர்ப்புச் சொல்லுமாம். புகார்த் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், நான்தான் எழுதிக் கொடுத்தேன், எழுத்துப்பிழை இல்லை. நீ கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். லிம்பெர்ட்டுக்கு இதில் சம்மதமில்லை. அந்தம்மா மேல பழி போடாதீங்க என்று நேற்றும் சொன்னான். வலியில் இருப்பவன் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நாளை பஸ் ஏறும் எதிர்வீட்டுக்காரரிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பச்சமாமா உன் காலடியைத் தாங்கட்டும், கன்னி மரியாள் உன் ஊசிமுனையைக் காக்கட்டும். வெயிலுக்குத் தலையை மூடிக்கொள். உன்னை ஒருநாளும் ஏமாற்றாத, ஏமாற்றத் தெரியாத,

அண்ணன் செராபியோ

பின்குறிப்பு: ஞாயிறு காலை. விடியும்போது மூக்கு திறந்துகொண்டது. மூச்சு விட்டதும் வீட்டுக்குள் தேவாலய வாசனை வந்தது. திருப்பலிக் கிண்ணம் கழுவிய வாசனை. அது எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு மூலையாக முகர்ந்துகொண்டே போய் அலமாரியில் நின்றேன். ஆதாரப் பாட்டிலின் மூடியைத் திறந்தேன். மது, குமெர்சிந்தா. பன்னிரண்டு நாள் புளித்த மது. ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். காரியதரிசி ஏன் இரண்டாம் முறை விரலை விட்டார் என்று இப்போது புரிகிறது.

பிறகு மேசையை முற்றத்துக்கு இழுத்துப்போய், இரண்டு பாட்டிலை வைத்து, நானே அரைவட்டம் சுற்றிப் பார்த்தேன். இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்தது. அது தெரிய முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியிருக்க வேண்டியதில்லை. வலதுகாலுக்குள் நான் மதுவை ஊற்றியிருக்கிறேன். ஆயில் பாட்டிலை என் கையால் எடுத்து ஹசிந்தாவுக்குக் கொடுத்து, முன்சக்கரத்திலும் பிரேக்கிலும் ஊற்ற வைத்திருக்கிறேன். துடைக்கப் போனவனையும் தடுத்திருக்கிறேன். நானூற்றைம்பது மில்லி கணக்கும் இப்போது சரியாக வந்துவிட்டது. ஒரு கணக்கு சரியாக வந்து நான் அழுதது இதுவே முதல் முறை.

கையெழுத்துப் போடாதே. தாளைக் கிழித்துவிடு. எதிர்வீட்டுக்காரரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போகிறேன், அங்கிருந்து சுத்தியலோடு ஹசிந்தா கடைக்கு. அவளிடம் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன், ஒரே ஒரு குறிப்புதான் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போவேன். லிம்பெர்ட் சிரிக்காமல் இருந்தால் தாங்கிக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தை முதலிலிருந்து திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். எழுத உட்கார்ந்தால் மறுபடியும் நியாயம் என் பக்கமே வந்து உட்கார்ந்துவிடும். ஆகையால் அப்படியே அனுப்புகிறேன். இரண்டாவது குறிப்பு இன்னமும் சரிதான், அது நல்ல ஆயில். மூன்றாவது குறிப்பு தவறு.